குளிருகிறவளுக்கு எடுத்த நிறங்கள்

இன்னொருவரின் துக்கத்தை நான் எழுதலாமா என்று ஆண்டவர் முன்னால் பல வருடம் தயங்கினேன்.

ஒரு டிசம்பரில், கிறிஸ்துமசுக்குப் படுக்கை விரிப்பு வாங்க கேரளத்து நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தேன். கடையில் என் பக்கத்தில், பல நாள் சவரம் செய்யாத ஒருவர் ஒவ்வொரு போர்வையையும் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். கடைப்பெண் வெள்ளை விரிப்பும் நீலப் போர்வையும் சேர்த்துக் காட்டினாள்.

“வெள்ளை வேண்டாம் மக்கா. அது சவப்பெட்டியில விரிக்கதாக்கும். நீலத்தைக் கண்டா என் வீட்டுக்காரிக்கு இன்னும் குளிரும்.”

“அப்ப கனத்த கம்பளி எடுக்கட்டா?”

“கனம் அவ நெஞ்சு தாங்காது.” என் பக்கம் திரும்பினார். “ஆசுபத்திரியில, இனி வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு சொல்லிட்டாவ அக்கா. அவ எந்நேரமும் கிடந்து நடுங்குதா. கண்ணுக்காவது சூடு தெரியட்டும். எதை எடுக்க?”

நான் செங்கல் நிற விரிப்பைக் காட்டினேன். அதன்மேல் மஞ்சள் போர்வையையும் ஆரஞ்சுத் தலையணை உறையையும் அவரே வைத்தார்.

“மூணும் சேராதே சேட்டா,” என்றாள் பெண்.

“அடுப்புத் தீயில இந்த மூணும் சேந்துதான மக்கா கிடக்கு.”

ஜெபிப்பதற்காக அவள் பெயரைக் கேட்டேன்.

“பேரு சொன்னா இங்கயே அழுதிருவேன் அக்கா. குளிருத ஒருத்தி உண்டுன்னு சொல்லுங்க. கர்த்தருக்குத் தெரியும்.”

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். எங்கள் ஊர்ப்பக்கத்தில், சபையில் சொல்லும் சாட்சி வாய்மாறிப் போகும்போது, நோயாளி சுகமானதாக ஒரு முடிவும் தானாக வந்து சேர்ந்துவிடும். இதில் அதைச் சேர்க்காதீர்கள். அவள் பிழைத்தாளா என்று எனக்குத் தெரியாது. குளிருகிற ஒருத்திக்காக ஆண்டவரிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.