துரை பங்களாவிலிருந்து வந்த அல்சேஷன்

என் தாலி பறிபோன பிறகு எங்கள் வீட்டில் நாயைத் தவிர வேறு பேச்சு இல்லை.

வெள்ளைக்காரன் நாட்டை ஒப்படைத்துவிட்டுப் போகப்போகிறான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. பண்டார் ஹிலிர் திடலில் விடுதலை கேட்டுத் தொண்டை வற்ற மெர்டேக்கா என்று முழங்கிவிட்டு வந்தவர்கள், மறுநாள் எங்கள் தெருவான காஜா பெராங் சடக்கில் வேலை கேட்டு அலைந்தார்கள். ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள். வேலை போனவர்களில் சிலர் கப்பல் ஏறி ஊருக்குப் போனார்கள், மற்றவர்கள் டவுனுக்கு வந்தார்கள். ஒரு வீட்டில் கோழி காணாமல் போனது, இன்னொரு வீட்டில் சைக்கிள். எங்கள் வீட்டில் தாலி.

பட்டப்பகலில்தான் நடந்தது. என் கணவர் பஸ் கண்டக்டர், வேலைக்குப் போயிருந்தார். நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முகத்தில் துண்டு கட்டிய ஒருவன் பின்வாசல் வழியாக உள்ளே வந்தான். கையில் பாராங் கத்தி. என் கழுத்தைக் காட்டினான். நான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தாலிச் சங்கிலியைத் தலைவழியே எடுத்து அவனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். நான் கத்தவில்லை. பக்கத்து வீட்டில் ஆள் இருப்பது எனக்குத் தெரியும், சம்பல் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படியும் கத்தவில்லை. அவன் போன பிறகு மீதி மீனைக் கழுவி முடித்தேன்.

மாத்தா இரண்டு பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். போலீஸ் வேலை அதோடு சரி. அதற்குப் பிறகுதான் பொம்பளைகள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

“ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?”

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் பல தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன குடும்பம், தமிழ் வராது. நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், பேசுவதெல்லாம் மலாய். அவரும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “கெனாப்பா தாக் ஜெரிட், டிக்?” என்றார். ஏன் கத்தவில்லை என்பதை மலாயில் கேட்டால் கொஞ்சம் மென்மையாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு கிழவி மட்டும் கொஞ்சம் மேலே போய், “தாலிய யாராச்சும் தன் கையாலே கழட்டிக் குடுப்பாளா?” என்று என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். கத்தி அவள் கழுத்துக்கு நேராக நீண்டிருந்தால் காதுத் தோட்டையும் சேர்த்துக் கழற்றியிருப்பாள்.

இதையெல்லாம் இப்போது ரோஷத்தோடு எழுதுகிறேன். அப்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கோபம் வரவில்லை, அழுகை வரவில்லை. சமைத்தேன், துவைத்தேன், கூட்டினேன். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதே நாக்குக்குத் தெரியவில்லை. கோயிலில் வைத்து என் கணவர் மறுபடியும் மஞ்சள் கயிறு கட்டியபோதும், யாருடைய கல்யாணத்திலோ நிற்பதுபோல நின்றேன்.

அவர் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. முதலில் அதை நல்ல குணம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால், அவர் எந்தக் கேள்வியுமே கேட்கவில்லை. யார் விசாரித்தாலும், “அறுத்துக்கிட்டு ஓடிட்டான்” என்று சொல்லிவிடுவார். நான் பக்கத்தில் நிற்கும்போதும் அப்படித்தான் சொல்வார், என் முகத்தைப் பார்க்காமல். எனக்குத் தாலி திரும்பி வர வேண்டும் என்றுகூட இல்லை. அன்று என்ன நடந்தது என்று இந்த மனிதர் ஒரே ஒரு முறை என்னிடம் கேட்டால் போதும் என்றிருந்தது. அவர் கேட்கவில்லை. நாய் வாங்குவதென்று முடிவு செய்தார்.

கண்டக்டருக்கு யோசனை சொல்ல ஆளா இல்லை? செங் போகிற பஸ்ஸில் ஏறியவர்கள், புக்கிட் ரம்பாய் போகிற பஸ்ஸில் ஏறியவர்கள் என்று எல்லோரிடமும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே விசாரித்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அத்தனையையும் எனக்கு ஒப்பிப்பார். நாக்கு கறுப்பாக இருக்கும் நாய்தான் வீட்டுக்கு நல்லது என்றாராம் ஒரு சீனக் கடைக்காரர். வட்டிக்கடைப் பெரியவர் ஒருவர், ராஜபாளையம் நாய்க்கு ஈடு கிடையாது, கப்பலில் வரவழைக்கலாம் என்றாராம். இன்னொருவர் கோம்பை நாய்தான் நாய், மற்றதெல்லாம் பூனை என்று சத்தியம் செய்தாராம். புல்டாக் கடித்தால் விடாதாம், ஆனால் மூச்சு வாங்குமாம், நம் ஊர் வெயிலுக்குத் தாங்காதாம். சடக்கில் திரிகிற ஊர் நாய் ஒன்றைப் பிடித்துக் கட்டினால் என்ன என்று பஸ் டிரைவர் கேட்டிருக்கிறார். இவருக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டிருக்கிறது. ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்திருந்தால்கூட இவ்வளவு அலசியிருக்க மாட்டார்.

“காது நிக்கிற நாயா, தொங்குற நாயா? நீயும் சொல்லேன்” என்று ஒரு நாள் கேட்டார்.

“கத்துற நாயாப் பாருங்க” என்றேன்.

அவர் சட்டென்று எழுந்து குளிக்கப் போய்விட்டார். நான் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கத்தாதவள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள், அவளுக்குப் பதிலாகக் கத்த ஒரு நாய் தேடுகிறோம் என்பது எனக்கு அவ்வளவு சாதாரணமாகத் தெரிந்தது.

கடைசியில் முடிவு செய்தது அவருடைய அண்ணன். புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் கங்காணி. தோட்டத்தை விற்றுவிட்டுத் துரை சீமைக்குப் போகிறான், பங்களா நாயைக் கொண்டுபோக வழியில்லை, நல்ல இடமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறான் என்று சேதி கொண்டு வந்தார்.

“அல்சேஷன், தம்பி. அசல் ஜாதி நாயி. பங்களா வாசல்ல அது எழுந்து நின்னா லயமே நடுங்கும். நானே பத்தடி தள்ளி நின்னுதான் தொரைக்குச் சலாம் போடுவேன்.”

இதைக் கேட்டதும் என் கணவரின் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் அந்தத் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். சின்ன வயதில் பங்களாப் பக்கம் போகவே பயந்தவர். நம்மையே நடுங்க வைத்த நாய் திருடனை நடுங்க வைக்காதா என்பது அண்ணன் தம்பி இருவருடைய கணக்கு. மறுப்பதற்கு எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

தோட்டத்து லோரியில் வந்து இறங்கியது. நல்ல உயரம், நிமிர்ந்த காது, முதுகில் கறுப்பு. பார்க்கத் தெருவே கூடிவிட்டது. நாய் பட்டால் தீட்டு என்று விலகுகிற பின்வீட்டு மலாய்க் குடும்பத்துக்குச் சங்கடம் வரக்கூடாது என்று என் கணவர் முன்னதாகவே அவர்களிடம் சொல்லி, பின்பக்கம் பலகை வேலி அடித்திருந்தார். நாய்க்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. எங்கள் யார் வாயிலும் அது நுழையவில்லை. கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அது ஒரே மாதிரிதான் இருந்தது.

அது குரைக்கவில்லை. தபால்காரர் வந்தார், குரைக்கவில்லை. ரொட்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான், பூனை வேலியில் நடந்தது, ஒன்றுக்கும் குரைக்கவில்லை. நான் விளக்குமாற்றைக் கையில் எடுத்தால் மட்டும் தரையோடு ஒட்டிப் படுத்து, வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். பங்களாவில் அது வாயைத் திறந்தபோதெல்லாம் என்ன கிடைத்திருக்கும் என்று எனக்குப் புரிந்துபோனது. அதன் பக்கம் போகும்போது விளக்குமாற்றை முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளப் பழகினேன்.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாற வந்தபோது என் கணவர் இதைச் சொன்னார். அண்ணன் பிட்ட தோசையைத் தட்டிலேயே போட்டார்.

“இப்பச் சொல்றப்பதான் தோணுது. அது கொரச்சு நான் கேட்டதே இல்ல, தம்பி.”

இத்தனை வருஷமாக அது எழுந்து நின்றதற்கே நடுங்கியிருக்கிறார்கள். பின்னால் துரை நின்றான், நாய் குரைக்கத் தேவையே இருக்கவில்லை. எங்கள் வீட்டில் பின்னால் யார் நின்றார்கள்?

“வேண்டாத ஆளு உள்ள வந்தாத்தான் ஜாதி நாயி கொரைக்கும்” என்று என் கணவர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். நாயைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறு வாரம் அவருக்கு லீவு. முன்கூடத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அடுப்படியில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், முகத்தில் துண்டு கட்டிய ஒரு ஆள் பின்வாசலில் நிற்கிறான். படியோரம் படுத்திருந்த நாய் அவனைப் பார்த்தது. தரையோடு ஒட்டிக்கொண்டது. நான் எழுந்தேன். நானும் கத்தவில்லை. என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. மஞ்சள் கயிற்றைப் பிடித்துத் தலைவழியே எடுக்கத் தொடங்கினேன்.

“ஐயோ, நாந்தாம்மா! நாந்தான்!” என்று அந்த ஆள் துண்டை இழுத்துப் போட்டார். பஸ் டிரைவர்.

முன்கூடத்திலிருந்து என் கணவர் ஓடி வந்தார். அவர் பார்த்தது நாயைத்தான்.

“பாத்தியா, பாத்தியா! வேலி தாண்டி உள்ள வந்தாச்சு, ஒரு சத்தம் இல்ல! கத்தத் தெரியாத சனியன எதுக்குச் சோறு போட்டு வளக்கணும்? நாளைக்கே லோரில ஏத்தி அனுப்பிடறேன்.”

“என்னையும் சேத்து ஏத்துங்க” என்றேன்.

அவர் திரும்பினார்.

“நானுந்தான் கத்தல. அன்னிக்கும் கத்தல, இன்னிக்கும் கத்தல.”

அப்போதுதான் என் கையையும் கயிற்றையும் பார்த்தார். கயிறு என் முகவாய்வரை ஏறி நின்றது. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நாயை அவர் அனுப்பவில்லை. அது எங்களோடேயே கிடந்து, கடைசிவரை குரைக்காமல் செத்தது. நான் சொல்ல வந்தது அதுவல்ல.

டிரைவர் போன பிறகு என் கணவர் கீழே கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்தார். பிறகு கேட்டார்.

“அன்னிக்கு நீ எங்க இருந்த?”

மீன் கழுவிய இடத்தைக் காட்டினேன்.

“அவன்?”

அவன் நின்ற இடத்தில் போய் நான் நின்று காட்டினேன். அவர் என் இடத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் அடுப்பு. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கையில் கத்தி இருந்தால் எவ்வளவு தூரம் எட்டும் என்று கண்ணாலேயே அளந்தார்.

“போறதுக்கு வழியே இல்லையே” என்றார்.

“இல்ல.”

“நீ கத்தியிருந்தா…” என்று தொடங்கியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “கத்தாம இருந்தியே, நல்லவேளை” என்றார்.

அந்த நிமிஷம்தான் எனக்குப் பயம் வந்தது. அன்றைக்கே வந்திருக்க வேண்டிய பயம் மொத்தமாக வந்தது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.