சர்க்கரை சரியாக இருந்தவர்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சர்க்கரை நோய் ஆய்வு ஒன்றுக்காக, வெளிநாட்டு நிதியில், மாதாமாதம் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். பழைய மில் தொழிலாளி ஒருவர் மட்டும் சலவைச் சட்டையோடு வாசலிலேயே காத்திருப்பார். காலில் ஆறாத புண். ஆனால் சர்க்கரை எப்போதும் சரியாகவே இருக்கும்.

ஒருமுறை விரலில் குத்தியதும் மயங்கிச் சரிந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பினேன்.

“சாப்பிடலையா ஐயா?”

“நீ வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சாப்பாட்ட நிறுத்திடுவேம்மா. ரிசல்ட் நல்லா வந்தாதான வெளிநாட்டுக்காரங்க பணம் குடுப்பாங்க? நீயும் வந்துகினு இருப்ப.”

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. என் வேலையும் அதில்தான் இருந்தது. அவரைப் போல எத்தனை பேரோ, நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அறிக்கை போனது. இனி தேவையில்லை என்று நிதியை நிறுத்திவிட்டார்கள்.

மறுவருடம் அவரை உப்பளம் பகுதியில் ஒரு தெருவில் பார்த்தேன். ஒரு கால் இல்லை.

“மறுபடி எப்பம்மா வர்ற? ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிடு” என்றார்.