பேட்டி எடுக்கப் பழகிய ஞாயிற்றுக்கிழமைகள்

எண்பதுகளின் நடுவில் தேனிப் பக்கத்து நர்சிங் ஆசிரியைகள் மூன்று பேர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தோம். நர்சிங்கில் வழிகாட்ட ஆள் கிடைக்காததால், மதுரையில் ஒரு புள்ளியியல் பேராசிரியர் பெரிய மனது பண்ணி எங்களை ஏற்றுக்கொண்டார். பிள்ளை பெற்ற பெண்களைப் பேசவிட்டு, அந்தப் பேச்சையே ஆராயப்போகிறோம் என்றதும் சிரித்தார்.

“கதை கேக்கவாம்மா பிஎச்.டி.? சரி, நீங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுத்துக்கங்க.”

அவர் எங்களுக்குக் காட்டிய ஒரே வழி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போடியில் அக்கா வீட்டில் கூடினோம். அக்கா என்றது எங்களில் மூத்தவரை. ஆபரேஷன் தியேட்டரில் பல வருடம் இருந்தவர். டாக்டர்களே அவர் குரலுக்கு அடங்குவார்கள். ஊர்ப் பெண்களிடம் போகுமுன் நமக்குள் பேட்டி எடுத்துப் பழகலாம் என்றாள், இளையவளான வடுகபட்டிக்காரி. டேப்ரெக்கார்டரை ஓடவிட்டு, முதல் கேள்வியை நான் கேட்டேன்.

“அக்கா, நர்ஸ் வேலைக்கு ஏன் வந்தீக?”

“சேவை செய்யத்தான்.”

எல்லோரும் மேடையில் சொல்லும் பதில். அதோடு நிறுத்திக்கொண்டார். ஆசிரியை ஆயிற்றே, எனக்குப் பொறுக்கவில்லை. “வீட்ல சம்மதிச்சாகளா? இல்ல, ஊர்ல யாராச்சும்...” வடுகபட்டிக்காரி என் தொடையில் கிள்ளினாள். “சும்மா இருங்க. அவுக பேசட்டும்.”

காத்திருந்தோம். அக்கா முந்தானையை நீவிக்கொண்டே சொன்னார்: “அப்பா ஒரு மாப்பிள்ளையப் பேசி முடிச்சிட்டாக. தப்பிக்கத்தான் ஹாஸ்டலுக்கு வந்தேன். வந்தா, இங்கன ரத்தம். பாத்தா மயக்கம் வரும். இப்பவும் வருது. அதான் தியேட்டர்ல எல்லார் மேலயும் கத்துறது. கத்துனா விழ மாட்டேன்.”

சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையானது. பேட்டி முறை பற்றி நாங்கள் வரவழைத்த ஆங்கிலப் புத்தகம் எதுவும் இந்த இடத்தில் என்ன செய்வதென்று சொல்லியிருக்கவில்லை. வடுகபட்டிக்காரி டேப்பை நிறுத்தினாள்.

“அக்கா, இது இருக்கட்டுமா, அழிச்சிரவா?”

“அழிச்சிருடி.”

அழித்தோம். பிறகு மயிலாடும்பாறையில் தாய்மார்களைச் சந்தித்தபோது, யார் அழுதாலும் முதலில் டேப்பை நிறுத்தி, அதே கேள்வியைக் கேட்டோம். சிலர் அழிக்கச் சொன்னார்கள். பலர், “இருக்கட்டும்மா, எல்லாருக்கும் தெரியட்டும்” என்றார்கள். வாரம்தோறும் ஒருத்தி எடுத்த பேட்டியை மற்ற இருவர் கேட்டு, எங்கே குறுக்கே பேசினோம் என்று தயவுதாட்சண்யம் இல்லாமல் சொன்னோம்.

பேராசிரியர் ஆய்வேட்டைப் புரட்டி, “எண்ணிக்கை எங்க?” என்றார். தாய்மார்களின் வயதை ஒரு அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தோம். அதை மட்டும் படித்துவிட்டு, ஆழமான ஆய்வு என்று பாராட்டினார்.

பட்டம் வந்தது. கல்லூரியும் எங்களைக் கௌரவிக்கத் தவறவில்லை: ஆளுக்கொரு பெயர்ப்பலகை, வாரத்துக்கு இரண்டு வகுப்பு கூடுதல்.