பானைக்குள் முப்பத்திரண்டு ஓலை

ரைஸ் மில்லில் நெல்லுக்கு முன்னால் வெளுப்பது நம் தலைமுடிதான். தவிட்டுத் தூசி அவ்வளவு தாராளம், கூலிதான் இல்லை. சம்பள உயர்வு கேட்டுச் சலித்த சகோதரர்களே, உத்திரமேரூர்ப் பக்கத்து மில் ஒன்றில் முப்பது வருஷம் மூட்டையும் கொடியும் தூக்கியவன் எழுதுகிறேன். முதலாளியின் குற்றங்களை வரிசை பிசகாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, வாசலில் இரண்டு சிமெண்ட் யானை. இரண்டாவது, ஆபீஸ் அறையில் மீன்தொட்டி. மூன்றாவது, குதிரை. நான்காவது, ஆயுத பூஜைக் குலுக்கல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நாங்கள் கூலி உயர்வு கேட்டோம். ஒவ்வொரு தரமும் “கை காலியா கீது” என்றார். காலியான காரணம் அடுத்த வாரம் லாரியில் வந்து இறங்கும்.

நல்ல பேப்பர்

கரண்ட் போனால் மில் நிற்கும்; எங்கள் அரைநாள் கூலியும் நிற்கும். மீன்தொட்டிக்கு மட்டும் இன்வெர்ட்டர் உண்டு. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஐந்து வகுப்பு; மீதியெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தது. ஆகவே நானும் ஒன்று எழுதினேன்: ‘மீனுக்கு மின்சாரம், எங்களுக்கு வியர்வையா?’ இருந்த காசுக்கு மஞ்சள் பேப்பரில் நூறு பிரதி.

அச்சகக்காரர் முதலாளியிடம் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் மில் வாசலில் ஒரு கட்டு வந்து இறங்கியது. அதே அறிக்கை, ஒரு எழுத்து மாறவில்லை. வழவழப்பான தாளில், நான்கு கலரில், ஆயிரம் பிரதி. பக்கத்தில் மீன் படம் வேறு. முதலாளி என் தோளில் கை போட்டார். “தோழரே, என்னத் திட்டு, வேணான்னு சொல்லல. ஆனா நல்ல பேப்பர்ல திட்டு. மில்லு மானம் போவுது.”

குதிரைக்கு ஃபேன்

அந்த வெள்ளைக் குதிரைமேல் முதலாளி ஏறியது ஒரே தரம். இறங்கினார் என்று சொல்ல முடியாது, விழுந்தார். அதற்குப் பிறகு அது ரிட்டையர் ஆன அதிகாரி மாதிரி நின்ற இடத்தில் தவிடு தின்றது. சித்திரை வெயிலுக்கு அதன் கொட்டகையில் ஃபேன் மாட்டினார்கள். பாய்லர் பார்க்கும் ஏழுமலைக்கு ஃபேன் கிடையாது. அவன் துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டான்: “மொதலாளி, கூலி ஏத்தலன்னா போவுது. என்னயும் ஒரு குதிரன்னு எழுதிக்கினா இன்னா?”

பானையில் இல்லாத பேர்

சோழர் காலத்தில் பானையில் ஓலை போட்டுச் சபைக்கு ஆள் எடுத்த ஊர் இது, கல்வெட்டே இருக்கிறது. முதலாளிக்கு அதில் தனிப் பெருமை. ஆயுத பூஜையன்று மண்பானை வைப்பார். பேர் எழுத நிஜப் பனை ஓலையையே வெட்டி வாங்கிவரச் சொல்வார். மஸ்டர் ரோல் என்கிற ஆள்பதிவேட்டில் உள்ள முப்பத்திரண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஓலையில் தன் பேரை எழுதிப் போட வேண்டும். அவர் கையில் வரும் ஓலைக்குப் பரிசு; நான் சொல்லும் போன வருஷத்தில் அது இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ்.

களத்தில் நெல் காயவைக்கும் கன்னியம்மாவுக்கு ஓலை கிடையாது. ஏரிக்கரைக் குடிசையிலிருந்து பதினோரு வருஷமாக வருகிறாள். மஸ்டரில் பேர் இல்லை; அதனால் வைத்திய அட்டையும் இல்லை. அவித்த நெல் கொட்டி முழங்கால் வெந்து, சொந்தச் செலவில் மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு மனு கொடுத்தேன். “பாக்கலாம், தோழரே” என்றார். பூஜைக்காவது வா என்று கூப்பிட்டதற்குக் கன்னியம்மா சொன்னாள்: “பேரே இல்லாதவ வந்து இன்னாண்ணா பண்றது? பானைக்குக் காவலா?”

ஏழுமலையின் ஃபிரிட்ஜ்

எனக்கு ஒரு யோசனை வந்தது. முப்பத்திரண்டு ஓலையிலும் அவள் பேரையே எழுதிவிட்டால்? ஒருவன் மாற்றி எழுதினாலும் காரியம் கெடலாம். முப்பத்தொரு பேர் முனகிக்கொண்டே சம்மதித்தோம். ஏழுமலை மட்டும் அசையவில்லை. தை மாசம் அவன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் ஃபிரிட்ஜ் கேட்டிருந்தார்கள். ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். “முப்பது வருசமா உன் பேச்சக் கேட்டு ஒரு டம்ளர்கூட வாங்கலப்பா. இப்ப ஃபிரிட்ஜும் போச்சா?”

மைக்

மானாம்பதி நெல் வியாபாரிகள், வார்டு மெம்பர், பூஜை செய்த ஐயர் எல்லோரும் நாற்காலியில் இருந்தார்கள். வழக்கம்போல முதலாளி மைக்கில் முழங்கினார்: “இந்தப் பானையில கீற ஒவ்வொரு பேரும் என் மில்லு ஆளு!” அந்த வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேன். ஒரு ஓலை எடுத்தார். படித்துவிட்டு ஓலையைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதும் எடுத்தார். அதிலும் அதே பேர், ஏழுமலையின் கோணல் எழுத்தில். அதைப் பார்த்ததும் மைக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

“எல்லாத்துலயும் இதேதானா?”

“எல்லாத்துலயும்தான், மொதலாளி.”

“கல்யாணத்த வச்சிக்கினு அவனுமா?” என்றவர், சிரிப்பை அடக்க முடியாமல் மேனேஜரைத் திட்டினார்: “இன்னாய்யா பாத்துக்கினு கீற? மஸ்டர் ரோல எடுத்துக்கினு வா. ரெண்டாவது ஃபிரிட்ஜுக்கும் ஃபோன் போடு!”

இத்தனை வருஷத்தில் நான் ஜெயித்த ஒரே போராட்டத்தை, சாட்சிகள் முன்னால், தன் செலவில் வைத்த மைக்கிலேயே முதலாளி வாசித்தார்: “நம்ம மில்லு, களத்து கன்னியம்மா!”