பொட்டலக் காகித இங்கிலீஷ்

கயிற்றை அறுத்ததும் பழைய பேப்பர் கட்டிலிருந்து ஒரு வாசனை எழும்பும். மையும் தூசியும் கலந்த அந்த வாசனை எங்கள் கடையின் பெருங்காயத்தோடும் வெல்லத்தோடும் சேர்ந்து மூக்கில் ஏறும்போது எனக்கு ஏனோ பசிப்பதுபோல் இருக்கும். பெங்களூருக்குக் கிழக்கே, தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். பொட்டலம் மடிக்க வாரம் ஒரு கட்டு பேப்பர் வந்து இறங்கும். தமிழையும் கன்னடத்தையும் மிளகுக்கும் சீரகத்துக்கும் ஒதுக்கிவிட்டு, இங்கிலீஷ் பேப்பரைத் துவரம்பருப்புக்கென்று தனியாக எடுத்து வைப்பார். தாள் கெட்டி, கனம் தாங்கும் என்பது அந்த மொழிக்கு அவர் கொடுத்த மரியாதை.

எனக்கும் மல்லிகாவுக்கும் அது வேறு காரணத்துக்காக வேண்டியிருந்தது. மல்லிகா என் வகுப்புத் தோழி. சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த ‘லைன்’ வீடு. அவள் அப்பா சுரங்கத்தில் கீழே இறங்கி, பாறை சரியாமலிருக்க மரமுட்டு கொடுக்கும் வேலை பார்த்தவர். எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் என்றால் உயிர். வராது, அதனாலேயே உயிர். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அன்றைய பொட்டலங்களுக்குப் போகவிருக்கும் தாள்களிலிருந்து ஆளுக்கு ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்து, அதை வாக்கியத்தோடு கத்தரித்து, மைதாப் பசை தடவி நோட்டில் ஒட்டுவோம். அர்த்தம் பார்க்க மல்லிகா ஒரு குட்டி அகராதி கொண்டுவருவாள். அட்டையும் கிடையாது, கடைசிப் பக்கங்களும் கிடையாது. ‘எஸ்’ எழுத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் வருகிற வார்த்தைகளுக்கெல்லாம் நாங்களே அர்த்தம் கற்பித்துக்கொண்டோம்.

கத்தரித்த ஓட்டையை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. பருப்பு நினைத்தது. ஒருநாள் லைனிலிருந்து வந்த ஒரு அம்மாள், வழியெல்லாம் பருப்பைச் சிந்திக்கொண்டே போய்த் திரும்பி வந்து கல்லாவுக்கு முன்னால் நின்றாள். “இன்னாங்க இது, பொட்டலத்துக்கு ஜன்னல் வெச்சிக் குடுக்கிறீங்க?” அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. அன்று முதல், கட்டு பிரித்ததும் எங்களுக்கு ஆளுக்கு ஒரு தாள் மட்டும் என்று முடிவாயிற்று. “படிங்க, வேணாங்கல. என் யாவாரத்துல ஓட்டை போடாதீங்க” என்றார்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒட்டிய வார்த்தையை அன்று பொழுது சாய்வதற்குள் யாரிடமாவது பேசிவிட வேண்டும். மந்திரிகளும் எதிர்க்கட்சிகளும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்ட வார்த்தைகளெல்லாம் இப்படித்தான் லைன் வீடுகளுக்குள் நுழைந்தன. “வெல்லம் எங்கடி போச்சி?” என்று மல்லிகாவின் அம்மா கேட்டதற்கு, அவள் வாயைத் துடைத்துக்கொண்டே, “அது வெறும் அலிகேஷன்மா, ஆதாரம் இல்ல” என்றாள். சில வார்த்தைகளில் எங்களுக்குச் சண்டையும் வந்தது. சுரங்கத்தில் அன்றாடம் புழங்கும் ‘ஷிப்ட்’, ‘கேஜ்’, ‘லெவல்’ எல்லாம் பேப்பரில் வந்தபோது அவற்றை ஒட்டக் கூடாது என்று மல்லிகா ஒரே பிடியாக நின்றாள். “அது நம்ம ஊர்ப் பேச்சுடி. அவங்கதான் நம்மகிட்டேருந்து எடுத்துகினாங்க.” நானும் அதை வெகுகாலம் நம்பினேன்.

பிறகு பேப்பரில் எங்கள் ஊரே வரத் தொடங்கியது. சுரங்கத்தில் நஷ்டம், சுரங்கத்தை மூடலாமா என்று ஆலோசனை, தொழிலாளர் எதிர்ப்பு. எங்கள் ஊர்ப் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் பார்த்த பெருமையில் முதல் இரண்டு முறை சந்தோஷமாகக் கத்தரித்து ஒட்டினோம் என்பதைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது. ‘அன்வயபிள்’ என்று ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. கட்டுப்படியாகாதது என்று அதற்கு அர்த்தம் சொல்லியிருக்க வேண்டிய எங்கள் அகராதி ‘யு’ எழுத்து வரை போகாது. மல்லிகா அதை எழுத்துக் கூட்டிப் படித்து அவள் அப்பாவிடம் கேட்டாள். அவருக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வார்த்தையை அவர் சங்கக் கூட்டங்களில் நிறையக் கேட்டிருந்தார். பீடியைக் கீழே வைத்துவிட்டு, “நாம வேணாம்னு அர்த்தம்மா” என்றார்.

கட்டாக வரும் பேப்பர் எப்போதும் பத்து நாளாவது பழையது. அப்படி ஒரு பழைய தாளில்தான், சுரங்கத்தை மூடுவது உறுதியாகிவிட்டது என்ற செய்தியை நான் பார்த்தேன். மூடப்போவதாகக் கடைத்தெருவில் பல தடவை புரளி கிளம்பியிருந்ததால் நான் அதுவரை நம்பவில்லை. கடையில் நான் மட்டும் இருந்தேன். அகராதி இல்லாமலே முழுதும் புரிந்தது. சுரங்கம் போனால் மல்லிகாவும் போய்விடுவாள் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. அத்தனை குடும்பங்களின் சோறு அதில் இருந்தது. நான் நினைத்தது என் தோழியை மட்டும். அந்தத் தாளை நானே மடித்து, அரைக் கிலோ பருப்பு கட்டி, முகம் தெரியாத யாருக்கோ கொடுத்தனுப்பிவிட்டேன். மல்லிகா வந்து கேட்டபோது, “இந்த வாரம் நம்ம ஊர் நியூஸ் ஒண்ணும் இல்லடி” என்றேன்.

அவள் அகராதியை மூட்டைமேல் வைத்தாள். “எனக்குத் தெரியும். அப்பா அன்னிக்கே சொல்ட்டாரு. உன்கிட்ட எப்டி சொல்றதுன்னுதான் நான் சொல்லல” என்றாள். பத்து நாளாக அவள் என்னிடம் மறைத்ததை நான் ஒருநாள் அவளிடம் மறைத்திருக்கிறேன். இருவரும் ஆளுக்கொரு மூட்டையில் சாய்ந்துகொண்டு அன்று ஒரு வார்த்தைகூட ஒட்டாமல் உட்கார்ந்திருந்தோம்.

பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் அவள் அப்பாவுக்குக் காவல் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று நோட்டை யார் வைத்துக்கொள்வது என்று கேட்டேன். “நீயே வெச்சிக்கோ, பேப்பர் உங்க கடையிலதானே வருது” என்றாள். கடிதம் போட வேண்டும், இங்கிலீஷில்தான் போட வேண்டும், தமிழில் ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்டோம். அதைச் சொன்னது நான்.

ஒரு மாதத்தில் அவள் கடிதம் வந்தது, கே.ஆர். புரம் பக்கத்து விலாசத்தோடு. ஒரு பக்கம் முழுக்க எங்கள் நோட்டு வார்த்தைகள். வீட்டுக்காரர் தண்ணீர் தர மறுப்பதை வன்மையாகக் கண்டித்திருந்தாள். புதுப் பள்ளிக்கூடத்தில் நிலைமை பதற்றமாக ஆனால் கட்டுக்குள் இருப்பதாக எழுதியிருந்தாள். விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் இரண்டாம் முறை படித்தபோதுதான், அழுகிறாளா, சாப்பிடுகிறாளா, யாராவது சிநேகிதி கிடைத்தாளா என்று எதுவுமே அதில் இல்லை என்பது உறைத்தது. எழுத அவளுக்கு ஆசை இல்லாமல் இருந்திருக்காது. நாங்கள் படித்த செய்திகளில் அதற்கான வார்த்தைகள் வந்ததே இல்லை.

பதிலுக்கு நான் அதைவிட நன்றாக எழுத நினைத்தேன். ஒரு தப்பும் இருக்கக் கூடாது, அவள் கேட்டிராத வார்த்தையாக இருக்க வேண்டும். எழுதினேன், கிழித்தேன், புதுக் கட்டு வரட்டும் என்று காத்திருந்தேன். “இன்னும் இன்னாடி ஒரு லெட்டரை அடைகாக்கிறே?” என்று அம்மா கேட்காத நாளில்லை. பரீட்சை வந்தது, லீவு வந்தது. ஒருவழியாக நான் தபாலில் போட்ட கடிதம் மூன்று வாரம் கழித்து எங்கள் கடைக்கே திரும்பி வந்தது. அந்த விலாசத்தில் இருந்தவர்கள் வேறு விலாசம் தராமல் போய்விட்டார்கள் என்று உறைமேல் தபால்காரர் இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

இன்று நான் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறேன். ஒரு அலுவலகத்தில் இங்கிலீஷில் கடிதம் எழுதுவதுதான் என் உத்தியோகம். தப்பில்லாமல், ஐந்து நிமிஷத்தில் ஒன்று. கடையைத் தம்பி நடத்துகிறான். பருப்பு கவரில் அடைத்தே வந்துவிடுகிறது, பேப்பர் கட்டு வருவதில்லை. ரயிலிலும் யார் கையிலும் பேப்பர் இல்லை, அன்றன்றைய செய்தி அந்தந்த நிமிஷத்தில் போனில் வந்துவிடுகிறது. கே.ஆர். புரத்தில் வண்டி ஒரு நிமிஷம் நிற்கும். என் வயதுப் பெண்கள் ஏறும்போதெல்லாம் முகத்தைப் பார்க்கிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்கு அடையாளம் தெரியுமா என்பதே சந்தேகம், ஆனாலும் பார்க்கிறேன். அவள் கடிதம் வந்த அன்றைக்கே, கடையில் கிடந்த ஏதாவது ஒரு தாளில், ‘நீ இல்லாம இங்க நல்லாவே இல்லடி’ என்று தமிழில் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் அது மூன்றாம் நாள் அவள் கைக்குப் போயிருக்கும்.