மேகக்காவும் பேனல் சாரும்

அரங்கத்தில் எல்லோரும் அவளை மேகக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மேடையில் சொர்க்கம் வேண்டுமென்றாலும் சுடுகாடு வேண்டுமென்றாலும் அவள் கை வைத்தால்தான் நடக்கும். திரைக்குப் பின்னால், இடது மூலையில், சூட்கேஸ் அளவுள்ள புகை இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். கணவன் இறந்து பதினோரு வருடம். பிள்ளைகள் இல்லை. தையல் வேலை செய்யும் தங்கையோடு குடியிருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மானம் போகிற மாதிரி ஒன்று நடந்துவிட்டது. மதியக் காட்சி. மேடையில் ராஜா செத்துக் கிடக்கிறார். இவள் புகையைத் திறந்துவிட்டாள். பக்கவாட்டுக் கதவு சாத்தாமல் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. புகை மெல்ல நடைவழிக்கு நழுவிப் போய்க் கூரையில் இருந்த, புகையைக் கண்டறியும் டிடெக்டரைத் தொட்டதும் தீ அலாரம் அலற ஆரம்பித்தது. நானூறு பேர் மழையில் போய் நின்றார்கள். செத்த ராஜாவும் கிரீடத்தோடு எழுந்து ஓடிவந்து வரிசையில் நின்றார்.

அலாரம் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், இவள் வயதுதான் இருக்கும். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக அவள் தலையைக் குனிந்து நின்றாள்.

"கதவ சாத்தலையா?"

"சாத்தல சார்."

"பரவால்ல. ராஜா பொழச்சுக்கிட்டாரே" என்று சொல்லிவிட்டு அவர் ஏணியை எடுக்கப் போனார்.

அதற்குப் பிறகு, புகை இருக்கிற நாடகம் என்றால் அவர் வந்தே ஆகவேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, வாசல் பக்கம் இருந்த, அலாரத்தை இயக்கி நிறுத்தும் பேனலின் முன்னால் நாற்காலி போட்டு உட்காருவார். அதனால் பேனல் சார் ஆனார். அரங்கத்துக்குள் இருக்கும் டிடெக்டர்களை மட்டும் நிறுத்தி வைப்பார். நடைவழியும் ஒப்பனை அறையும் விழித்தபடியே இருக்கும். உள்ளே தீயணைப்பானோடு ஓர் ஆள் நிற்பார். "நிறுத்திட்டேன், விடுங்க" என்று வாக்கிடாக்கியில் அவர் குரல் வந்த பிறகுதான் இவள் பொத்தானைத் தொடுவாள்.

"எனக்கு முன்னாடி இந்த வேலைல இருந்தவர் டிடெக்டருக்கு பிளாஸ்டிக் பைய மாட்டிடுவாராமே?" என்று ஒருமுறை கேட்டாள்.

"காவல்காரன் கண்ணக் கட்டிட்டு எல்லாரும் தூங்கப் போற மாதிரி அது. அவுத்துவிட ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது."

காட்சி முடிந்து கூட்டம் போன பிறகு, புகை முழுக்க வெளியேற இருபது நிமிடம் பிடிக்கும். அதுவரை டிடெக்டர்களை மறுபடி இயக்க முடியாது. காலி இருக்கைகளில் ஓர் இடம் விட்டு உட்கார்ந்து, அவள் பிளாஸ்கில் கொண்டுவந்த டீயைக் குடிப்பார்கள். அவர் கல்யாணம் ஆகாதவர், படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்பவர் என்பதெல்லாம் அப்படிச் சிறுகச் சிறுகத் தெரிந்தவை. ஏழு வருடம் இப்படியே ஓடியது. இருவரும் அந்த ஓர் இடத்தைத் தாண்டவில்லை.

பிறகு அரங்கத்தைப் புதுப்பித்தார்கள். உள்ளே இருந்த டிடெக்டர்களைக் கழற்றிவிட்டு, சூடு ஏறினால் மட்டும் கத்துகிறவற்றைப் பொருத்தினார்கள். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு அவர் வந்து நின்றார்.

"இனிமே நீங்க பயமில்லாம விடலாம். நான் வரவேண்டிய வேலை இல்ல."

"சரி சார்" என்றாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான்கு மாதம் கழிந்தது. காட்சி முடிந்த பிறகும் அவள் அதே வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். தங்கை விடவில்லை.

"எல்லாரும் போனப்புறம் அங்க என்னக்கா வேல உனக்கு?"

"புகை கலையட்டும்னு இருந்தேன்."

"உனக்குள்ள இருக்கறது கலையற மாதிரி தெரியலயே" என்றாள் தங்கை, ஊசியில் நூல் கோத்தபடி.

அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நாட்டிய நாடகம். பக்கவாட்டுக் கதவைச் சாத்தப் போனவள் அப்படியே நின்றாள். நடைவழியில் இருப்பது இன்னும் பழைய டிடெக்டர்தான். கதவை நாலு விரல் அகலம் திறந்து விட்டால் போதும். அரை மணி நேரத்தில் அவர் ஏணியோடு வந்து நிற்பார். கதவின் பிடியில் கை இருந்தது. இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தாள். முதல் வரிசையில் ஒரு குழந்தை தாயின் மடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இழுத்துப் பார்த்தாள்.

கூட்டம் போனதும் போனை எடுத்தாள். ஏழு வருடமாக அந்த எண் அவளிடம் இருந்தது.

"சொல்லுங்க. எதாவது பிரச்சனையா?" என்றார் அவர்.

"அலாரத்துல ஒண்ணும் இல்ல சார். இன்னிக்குக் கதவத் தொறந்து விட்டு உங்கள வரவழைச்சிடலாமான்னு பாத்தேன்."

"சாத்திட்டீங்களா?"

"சாத்திட்டேன்."

"தொறந்திருந்தாலும் வேற யாராவதுதான் வந்திருப்பாங்க. நான் இப்ப பஸ்ல ஆறு மணி நேர தூரத்துல இருக்கேன். அம்மாவ பெரியம்மா வீட்டுப் பக்கம் கூட்டிட்டு வந்துட்டேன். இங்க ஆஸ்பத்திரி ஒண்ணுல அலாரம் பாக்கற வேல."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லத்தான் அன்னிக்கு வந்து நின்னேன். நீங்க சரி சார்னு முடிச்சிட்டீங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அந்த மாதமே ஒரு நாள் விடியற்காலை பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போனாள். அவருடைய அம்மா கட்டிலில் படுத்தபடியே இவள் கையைப் பிடித்து, "என்ன வேலம்மா பாக்கற?" என்று கேட்டாள். "மேகம் போடறேம்மா" என்றதும், காது சரியாகக் கேட்காத அந்த அம்மா, "மேகமா? மழை வருமா?" என்று ஜன்னலைப் பார்த்தாள். பேனல் சார் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை கூடுதல். அவள் சொல்லவில்லை.

அம்மாவை விட்டுவிட்டு அவர் திரும்பி வர முடியாது; அவளும் தங்கையையும் வேலையையும் உதறிவிட்டு வர முடியாது. இருவரும் அதைப் பேசிப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்துதான். மதியம் அவர் பஸ் ஏற்றிவிட வந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த மாசம் எப்படி?"

"ரெண்டு நாடகம் இருக்கு. மூணாவது வாரம் ஒண்ணும் இல்ல."

"மூணாவது வாரம்" என்றார் அவர்.

வண்டி கிளம்பியது. நிலையத்தை விட்டு பிரதான சாலைக்குத் திரும்புவதற்குள்ளேயே, இன்னும் எத்தனை நாள் என்று அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்திருந்தாள்.