மடிப்பக்காவின் காலை ஷிப்ட்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மடிப்பக்கா என்றால்தான் தெரியும். நீராவி இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வந்து விழும் படுக்கை விரிப்பை, மறுமுனையைப் பிடித்திருப்பவள் மூச்சு விடுவதற்குள் ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துவிடுவாள். எப்போதும் காலை ஷிப்ட்தான். விடியும்போது எழுவாள், இருட்டியதும் சாப்பிட்டு, மாத்திரை போட்டுப் படுத்துவிடுவாள். அக்கம்பக்கத்தார் கோழி என்று கேலி செய்வார்கள். தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் அவள் கணவன் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவான். அந்தத் தூக்கத்தில்தான் குடும்பமே நிற்கிறது என்று அவனுக்கல்லவா தெரியும்.

கல்யாணமான புதிதில் அவள் மனம் எகிறிப் பறந்து, பிறகு தரையில் விழுந்து, மாதக்கணக்கில் எழவில்லை. இருமுனைக் கோளாறு என்றார் அதே மருத்துவமனையின் மேல்மாடியில் பார்க்கும் டாக்டரம்மா. மாத்திரை பாதி வேலைதான் செய்யும், தூங்குவதும் எழுவதும் சாப்பிடுவதும் நேரம் மாறாமல் இருப்பது மீதிப் பாதி என்று படித்துப் படித்துச் சொன்னார். இருவரும் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார்கள். வேலை பார்க்கும் இடத்தில் மட்டும் வாய் திறக்கவில்லை. பைத்தியம் என்ற வார்த்தை ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எங்கள் கூடத்துச் சோப்புக்கும் போகாது என்பாள் அவள்.

புதிதாக வந்த சூப்பர்வைசர், வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று சுழற்சி வைத்தார். காலை, மாலை, இரவு, எல்லாருக்கும் சமம். எல்லார் காலுக்கும் ஒரே அளவுச் செருப்பைத் தைத்துவிட்டு அதற்கு நியாயம் என்று பெயர் வைக்கிறவர்களுக்கு உலகில் பஞ்சமே இல்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். எல்லாருக்கும்தான் மாமியார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

இரவு ஷிப்ட் வந்தது. கணவன் தப்புச் செய்தது அப்போதுதான். காலையில் திரும்பியவள் சோர்ந்து விழாமல் பாட்டு முணுமுணுத்தபடி வீட்டைக் கழுவினாள், மாமியாரை வம்புக்கிழுத்துச் சிரிக்கவைத்தாள். பகலில் தூங்கவே இல்லை. அந்தச் சிரிப்புக்காக வருஷக்கணக்கில் ஏங்கியவன், பழகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. சலவைக்கூடத்தில் அவள் இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்தாள். சூப்பர்வைசர் மற்றவர்களைக் கூட்டிவந்து, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று காட்டினார்.

ஒரு மதியம் அவன் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினால், ரிப்பேருக்கு வந்த மெஷின்களையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பரப்பி, நடுவில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மெஷினாகப் பூட்டப்போவதாகச் சொன்னாள். ஒரு பேச்சு முடிவதற்குள் அடுத்த பேச்சு முட்டிக்கொண்டு வந்தது. இது பழகியதல்ல, பழைய நோய் திரும்பியது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவளைக் கையோடு அழைத்துப்போய், மறைத்ததையெல்லாம் சூப்பர்வைசரிடம் கொட்டினான்.

"இவங்களுக்கா நோய்?" என்றார் அவர். "என்கிட்ட இருக்கறதுலயே கெட்டிக்காரி இவங்கதான். காலை ஷிப்ட் வேணும்னா நேரா கேளுங்க. அதுக்காகப் பொண்டாட்டி மேல பழி போடுவீங்களா?"

"நல்லா கேளுங்க சார்," என்று பக்கத்தில் நின்று அவளும் சிரித்தாள். "இவருக்குத்தான் தூக்கம் பத்தலை."

மேல்மாடியில் டாக்டரம்மா சொன்னால் மருத்துவம், அதையே கீழே சலவைக்கூடத்தில் சொன்னால் சாக்கு. கட்டிடம் என்னவோ ஒன்றுதான்.

சில நாளில் விழுந்தாள். குளிக்கவில்லை, பேசவில்லை, சுவரைப் பார்த்தே கிடந்தாள். கண் பட்டிருக்கிறது என்று மாமியார் அழுதாள்.

"கண்ணு ஒண்ணும் படலைம்மா," என்றான் கணவன். "ஷிப்ட்தான் பட்டிருக்கு."

டாக்டரம்மா மருந்தைக் கூட்டினார். பழைய நேரத்துக்குத் திரும்பினால் பிழைத்துக்கொள்வாள் என்றார். காலை ஷிப்ட் ஒன்றுதான் அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பக்கூடியது என்று அவனுக்கும் தெரியும். மறுபடி போய் நின்றான். இந்தமுறை சூப்பர்வைசர் முழுசாக நம்பினார்.

"அப்பவே நெனச்சேன். அந்த வேகம் மனுஷ வேகமா? கொதிக்கிற மெஷின் பக்கத்துல இப்படிப்பட்டவங்கள நிறுத்தி, நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது? அவங்க வீட்லயே இருக்கட்டும்."

இத்தனை வருஷக் காலை ஷிப்டில் அவள் கையில் ஒரு கொப்புளமாவது வந்ததுண்டா என்று கேட்டான். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். வேலை செய்தபோது அவளுக்கு நோய் கிடையாது. நோய் என்று ஒத்துக்கொண்டதும் வேலை கிடையாது.

வீட்டில் திரை இழுத்துவிட்டபடியே இருந்தது.

"என்ன சொன்னாங்க?" சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

அவன் மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்து நீட்டினான். "காலை ஷிப்ட்," என்றான்.

அவள் மெல்ல அவன் பக்கம் திரும்பிப் படுத்தாள். "அப்ப விடியறப்ப எழுப்பிவிடுங்க. நான் முரண்டு பிடிச்சாலும் விடாதீங்க."

சரி என்றான். அவள் மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டுக் கண்ணை மூடினாள். விடிந்ததும் எழுப்பத்தான் வேண்டும். எழுப்பி எங்கே அனுப்புவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.